புதுப்பிப்பு: அப்பா மயங்கி விழுந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

அப்பா, வயது 68, விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்ததும் மயங்கி விழுகிறார், மூன்று முறை ஆகிவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சர்க்கரை குறைவோ ரத்தசோகையோ இருக்கும் என்றீர்கள், இரண்டும் பார்த்தோம், இல்லை. இதயத்துக்கான இசிஜி, எக்கோ பரிசோதனைகளும் சரியாகவே இருந்தன.

அப்புறம் நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர்தான் அவரைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்துவிட்டு, எழுந்து நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பார்த்தார். படுத்திருந்தபோது 138 இருந்த மேல் அளவு நின்றதும் 106. அது 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ கவனிக்க வேண்டுமாம். பிரஷர் மாத்திரையோடு, புராஸ்டேட்டுக்கு வேறொரு டாக்டர் எழுதிய டாம்சுலோசின் மாத்திரையும் சேர்ந்து, எழுந்ததும் பிரஷரை இப்படி இறக்கியதுதான் மயக்கத்துக்குக் காரணம். இரண்டு சீட்டையும் ஒருவரிடமே காட்டாமல் விட்டது எங்கள் தவறு, அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

மருந்தை மாற்றிக் கொடுத்தார், 3 வாரமாக விழவில்லை. இப்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை அசைத்துவிட்டுத்தான் எழுகிறார். தயவுசெய்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். உழைக்கும்போதோ நெஞ்சு படபடத்தோ மயக்கம் வந்தால் அது இதயமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.