மைல்களைக் காசு கொடுத்து வாங்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் பயணி:
வணக்கம். தீபாவளிக்குக் குடும்பத்தோடு கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். விமானப் பயணங்களுக்குப் புள்ளிகளாகச் சேர்ந்து, சீட்டு எடுக்க உதவும் மைல்கள் என் கணக்கில் ஒருவருக்கு மட்டுமே போதுமான அளவு உள்ளன. இந்நிலையில், மாத இறுதிக்குள் வாங்குவோருக்கு 50 விழுக்காடு கூடுதல் மைல்கள் தருவதாக விமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்துள்ளது. மற்ற மூவருக்கும் வேண்டியதை வாங்கிவிட்டு, எஞ்சுவதை லண்டனில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. இது இலாபமாகுமா?

பினாங்குக் கணக்கர்:
ஐயா, அந்த 50 விழுக்காட்டை முதலில் மறந்துவிடுங்கள். சலுகை போக ஒரு மைல் எத்தனை சென்னுக்கு வருகிறது என்பதே கணக்கு. பேச்சுக்கு 12 சென் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டுக்கு 20,000 மைல் கேட்டால் 2,400 வெள்ளி ஆகிறது. வரியும் பிற கட்டணங்களும் 300 வெள்ளி என்றால், அதையும் நீங்கள் தனியே கட்டவேண்டும். அதே சீட்டு ரொக்கத்துக்கு 1,100 வெள்ளிக்குக் கிடைக்குமானால், எப்படியும் கட்டவேண்டிய அந்த 300 வெள்ளியைக் கழித்தபின், 20,000 மைல் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 800 வெள்ளிதான், அதாவது மைலுக்கு 4 சென். சென்னைத் தடத்தில் மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்), ஏர் ஆசியா, இண்டிகோ எனப் பலரும் போட்டியிடுவதால் சாதாரண வகுப்பில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இண்டிகோ 2024 டிசம்பரில் எங்கள் பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. தீபாவளி நெருக்கத்தில் ரொக்கக் கட்டணம் ஏறத்தான் செய்யும். ஆனால் மைலுக்கு ஒதுக்கும் இருக்கைகளும் அப்போதுதான் முதலில் மறையும்.

மைல் விற்பது விமான நிறுவனங்களுக்கு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு சான்று: 2020இல் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடு காட்டி 6.8 பில்லியன் டாலர் கடன் திரட்டியது.

சுபாங் ஜெயா வாசகி:
கணக்கர் ஐயா சொல்வது சாதாரண வகுப்புக்குச் சரி. லண்டனுக்குப் பிசினஸ் வகுப்பில் போவதாக இருந்தால், ரொக்க விலை பல மடங்கு உயரும் அளவுக்கு மைல் தேவை உயர்வதில்லை என்பதால், வாங்கிய மைலும் சில வேளைகளில் கட்டுப்படியாகும். ஆனால் அந்த மிச்சத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்கவேண்டும். 14,000 வெள்ளிச் சீட்டை 12,000 வெள்ளிக்கு வாங்கினேன் என்று மகிழ்பவர், மைல் இல்லையென்றால் 4,000 வெள்ளியில் சாதாரண வகுப்பில் போயிருப்பார் என்றால், அவர் 2,000 வெள்ளியைச் சேமிக்கவில்லை, 8,000 வெள்ளியைக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். மேலும், லண்டனிலிருந்து புறப்படுவோர் மீது பிரிட்டிஷ் அரசு விதிக்கும் பயணிகள் வரி தூரத்துக்கேற்ப உயர்வது. பிசினஸ் வகுப்பில் அது இரு மடங்கையும் தாண்டும். மைலில் எடுத்த சீட்டுக்கும் அதைக் கட்டியே ஆகவேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பயணி:
இருவருக்கும் நன்றி. சென்னைக்கு ரொக்கச் சீட்டே எடுத்துவிடுகிறேன். லண்டன் பயணத்துக்குச் சிறிதளவு மட்டும் குறைந்தால் வாங்கலாமா?

பினாங்குக் கணக்கர்:
அது வேறு கதை. குறையும் இரண்டாயிரம் மைலை வாங்கினால் ஏற்கெனவே சேர்த்த அறுபதாயிரமும் பயன்படும் என்றால், மைலுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தாலும் தகும். ஆனால் நீங்கள் போகும் தேதியில் இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வாங்கிய மைலைப் பொதுவாகத் திருப்பித் தர இயலாது, நாளடைவில் காலாவதியும் ஆகிவிடும். மாஸ் 2013இல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்ததால், அதன் இருக்கையை அதே கூட்டணியிலுள்ள கேத்தே பசிபிக்கின் ஏசியா மைல்ஸ் கொண்டும் எடுக்கலாம். திட்டத்துக்குத் திட்டம் தேவைப்படும் மைல் மாறும் என்பதால் இரண்டிலும் பாருங்கள். கடன்பற்று அட்டையில் புள்ளிகள் கிடந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். வங்கியிலிருந்து மைல் வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கலாம், அதற்குள் இருக்கை போய்விடக்கூடும் என்பதால், முன்பதிவை அதுவரை நிறுத்திவைக்க முடியுமா என்று நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.