சிஎச்எம் பொருளடக்கத்தில் தமிழ் வரவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
வணக்கம். ஒட்டுசுட்டானில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் நிரல்மொழி சொல்லிக் கொடுக்கிறேன். பல வீடுகளில் இன்டர்நெட் இல்லை. அதனால் ஒவ்வொரு பங்ஷனுக்கும் தமிழில் விளக்கம் எழுதி, பென்டிரைவில் கொண்டுபோகக்கூடிய ஒரே சிஎச்எம் கோப்பாக (விண்டோஸ் உதவிக் கோப்பு வகை) ஆக்குகிறேன். பயன்படுத்துவது விண்டோஸ் 10, சிஎச்எம் உருவாக்கும் மென்பொருளான எச்டிஎம்எல் ஹெல்ப் வொர்க்‌ஷாப் 4.74.

வலப்பக்கத்தில் பாடம் நல்ல தமிழில் தெரிகிறது. இடப்பக்கப் பொருளடக்கம்தான் சிக்கல். 'பட்டியல்' என்று நான் எழுதிய தலைப்பு அங்கே '????????' என்று எட்டுக் கேள்விக்குறியாக நிற்கிறது.

மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். பொருளடக்கக் கோப்பை நோட்பேடில் விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டு முறையான ஆன்சியில் சேமித்தால் இந்தக் கேள்விக்குறிகள். யூனிகோட் முறையான யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் புள்ளியும் கொம்பும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துருவை லதா என்ற தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினேன், பலனில்லை. வேறு கணினியில் திறந்தாலும் இதே கதை. தமிழுக்குப் பழைய விண்டோஸ் ஆன்சி கோட்பேஜ் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத் தலைப்பு போட்டால் உடனே சரியாகிறது. ஆனால் பிள்ளைகள் தமிழ்த் தலைப்பைப் பார்த்துத்தான் பாடத்தைத் தேடுகிறார்கள், அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

சிஎச்எம் கோப்பிலேயே இடப்பக்கப் பொருளடக்கத்தைத் தமிழில் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா?