குரைப்பு நின்றதா, பால்காரர் போனாரா?

கிளுவைவேலி (வெள்ளக்கோவில்), காலை 6.40

நேற்று இரவு நொய்யல்கரை என்ற பெயரில் எழுதுபவர் இந்த இணையக் குழுவில் போட்டதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எழுதியது இது: "தினமும் காலையில் பால்காரர் வரும்போது என் நாய் தெருவே அதிரக் குரைக்கும். நிறுத்தியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல் கொடுத்தேன். பத்தே நாளில் பழக்கம் அடியோடு போய்விட்டது. தோட்டத்துக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ளாமல் கட்டிப்போட்டு அடித்து வளர்ப்பதால்தான் அவர்கள் நாய்கள் ஓயாமல் குரைக்கின்றன."

ஒரே ஒரு கேள்வி. ஈரலைக் கொடுத்தபோது பால்காரர் வாசலில் நின்றாரா, போய்விட்டாரா? போய்விட்டார் என்றால் நாய் ஈரலுக்காக நிறுத்தவில்லை. விரட்ட வேண்டிய ஆள் போய்விட்டான், வேலை முடிந்தது என்று நிறுத்தியது. ஒருவன் வந்தான், குரைத்தேன், ஓடிவிட்டான்: நாயின் கணக்கு அவ்வளவுதான். பால்காரர் அடுத்த வீட்டுக்கு ஊற்றப் போகிறார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தினமும் வென்றுகொண்டிருக்கிற நாய்க்கு மேலே ஈரலையும் கொடுத்திருக்கிறீர்கள்.

மூன்று தலைமுறையாகப் பட்டி போட்டு ஆடு வளர்க்கும் வீடு எங்களுடையது. நாயை அடித்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

நொய்யல்கரை (சிங்காநல்லூர்), காலை 7.55

ஐயா, உங்கள் பெயரைச் சொல்லி நான் எழுதவில்லை. நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள்.

முறையை முழுதாகச் சொல்கிறேன். நாய் குரைக்கும்போது நாம் கத்தக் கூடாது. கத்தினால் நாமும் கூடச் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது நினைக்கும். மூச்சு வாங்க நிறுத்துமே, அந்த இடைவெளியில் தணிந்த குரலில் "அமைதி" என்று ஒருமுறை சொல்லி, உடனே கொடுக்க வேண்டும். முதல் நாள் இரண்டு நொடி அமைதிக்கு ஒரு துண்டு. பிறகு ஐந்து நொடி, பத்து நொடி என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும். பத்தாம் நாள் என் நாய் ஒரு நிமிடம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. என் மனைவியும் பார்த்தார்.

பால்காரர் அப்போது கிளம்பிக்கொண்டிருந்தார்.

கிளுவைவேலி, காலை 8.03

"கிளம்பிக்கொண்டிருந்தார்" என்றால் என்ன பொருள்? வண்டியைக் கிளப்பிவிட்டாரா? கேட்டைத் தாண்டிவிட்டாரா? நாய் கண்ணில் பட்டாரா, படவில்லையா? நின்றாரா, போனாரா?

மஞ்சள்மண்டி (ஈரோடு), காலை 9.30

உங்கள் இருவருக்கும் நாய் இருக்கிறது. எனக்கு நாய் இல்லை, பக்கத்து மாடியில்தான் இருக்கிறது. என் அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் வந்து அசந்து படுப்பார். நள்ளிரவில் ஆரம்பித்தால் விடியும்வரை அந்த நாய் விடாது.

நாய் மேல் எனக்குக் கோபமே இல்லை. துணி காயப்போடும்போது பார்க்கிறேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டியிருக்கிறார்கள். சங்கிலி நான்கடி இருக்கும். நிழல் நகர நகர அதுவும் நகரும். பிற்பகலில் நிழல் அந்தப் பக்கம் போய்விடும், சங்கிலி எட்டாது. எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. பகலெல்லாம் சும்மா கிடந்த உயிர் இரவில் குரைக்காமல் என்ன செய்யும்?

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்தேன். மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். இதை அவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நொய்யல்கரை, காலை 9.48

சகோதரி சொன்னது என் கட்சிக்கே வலு. கட்டிப்போட்ட நாய்தான் குரைக்கும்.

கிளுவைவேலி, காலை 9.52

அம்மணி, உங்கள் வீட்டுத் துன்பம் துன்பம்தான். ஆனால் அது சங்கிலி விஷயம். நொய்யல்கரை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. எங்கள் நாய்கள் பகலில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளோடு சுற்றுகின்றன. இரவில் பட்டியைச் சுற்றிக் கிடக்கின்றன. சங்கிலி ஏது?

பால்காரர் நின்றாரா, போனாரா? ஒன்றேமுக்கால் மணி நேரமாகிறது.

சிப்பிப்பாறைப்பித்தன் (உடுமலை), காலை 10.15

இனத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. கண்ணால் பார்த்து ஓடும் நாய்க்குக் குரைப்பு குறைவு. கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்கு நிற்பவை, அவை குரல் கொடுக்கத்தான் செய்யும். நகரத்து வீட்டுக்கு எந்த நாய் என்று கேட்காமல் வாங்கிவிட்டு, பிறகு ஈரலை வேகவைத்துக்கொண்டிருந்தால் ஆகாது.

அமராவதியான் (தாராபுரம்), காலை 10.21

இனம் பற்றி நீங்கள் பேச வேண்டாம். 2022இல் சிப்பிப்பாறை என்று சொல்லி எட்டாயிரம் ரூபாய்க்கு எனக்கு ஒரு குட்டி கொடுத்தீர்கள். ஆறு மாதத்தில் வால் சுருண்டு முதுகில் ஏறிவிட்டது, காது குடை மாதிரி விரிந்துவிட்டது. இன்றும் பஸ் போனால் குரைக்கிறது, பஸ் போகாவிட்டாலும் குரைக்கிறது.

சிப்பிப்பாறைப்பித்தன், காலை 10.30

தாயையும் தகப்பனையும் நேரில் காட்டித்தான் கொடுத்தேன். தீனி சரியில்லாமல் வளர்த்துவிட்டு என்னைச் சொல்லாதீர்கள்.

அமராவதியான், காலை 10.33

தாயைத்தான் காட்டினீர்கள். தகப்பன் பொள்ளாச்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னீர்கள்.

நொய்யல்கரை, பகல் 12.10

கிளுவைவேலி ஐயா ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் புதிதல்ல. போன தைப் பொங்கலின்போது காளை விவாதத்திலும் இப்படித்தான் இரண்டு நாள் இழுத்தார்.

ஆறாம் நாள் என் நாய் முன்னைவிட அதிகமாகக் குரைத்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். குரைத்துக் காரியம் சாதித்துப் பழகிய நாய், அது பலிக்கவில்லை என்றதும் முதலில் குரலைக் கூட்டும். அந்த இரண்டு நாளும் பல்லைக் கடித்துப் பொறுத்தால் குறைந்துவிடும். நடுவில் ஒரு நாள் நாம் மசிந்தால் போதும், இன்னும் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். நான் மசியவில்லை. பத்து நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து வாசலில் நின்றேன்.

கிளுவைவேலி, பகல் 12.19

காளை விவாதத்தை நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் போலத்தான் நிறம் மாறும். அது தெரியாமல் என் கட்டுத்தரையில் நின்ற கன்றின் படத்தைப் பார்த்து "கலப்பினம்" என்று எழுதினீர்கள். இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கன்றையே தெரியாதவர் என் நாயைப் பற்றிப் பேசுகிறார்.

ஐந்தரைக்கு எழுந்ததைப் பாராட்டுகிறேன். நீங்கள் வாசலில் நின்றீர்கள் என்பது தெரிந்துவிட்டது. பால்காரர் நின்றாரா?

நொய்யல்கரை, பகல் 12.25

படத்தில் கன்று அப்படித்தான் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை.

ஊசிமருந்து (கோபி), பிற்பகல் 2.05

கால்நடை மருந்தகத்தில் இருபத்தாறு ஆண்டு உதவியாளராக இருந்தவன். ஈரலா சங்கிலியா என்பதற்கு முன்னால் நாய்க்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பத்து வயது தாண்டிய நாய் திடீரென்று இரவில் குரைக்க ஆரம்பித்தால் காது மந்தமாகியிருக்கலாம், மூட்டு வலி இருக்கலாம், மனிதர்களுக்கு வருவது போல் நினைவு தடுமாறியிருக்கலாம். காதில் சீழ் வைத்த நாயை, பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்து அடித்துவிட்டு, பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எண்ண முடியாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் ஈரல் கொடுப்பதும் நல்லதல்ல. வைட்டமின் ஏ அளவு மீறிவிடும். துளித்துளியாகக் கொடுங்கள், அல்லது நடுவில் வேகவைத்த கோழிக்கறிக்கு மாறுங்கள். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு.

அமராவதியான், பிற்பகல் 2.20

குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை இணையத்தில் விற்கிறதே, அது எப்படி?

ஊசிமருந்து, பிற்பகல் 2.26

வேண்டவே வேண்டாம். வேல்ஸ் நாட்டில் 2010இலேயே தடை செய்துவிட்டார்கள். பால்காரரைப் பார்க்கும்போது கழுத்தில் அதிர்ச்சி விழுந்தால், பால்காரர் வந்தால் வலிக்கும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். அன்றுவரை குரைத்தது அப்புறம் கடிக்கும்.

கிளுவைவேலி, மாலை 4.40

பட்டியில் வேலை முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன். நான் ஏன் இதை விடாமல் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நாய் குரைத்தால் குழந்தை விழித்துக்கொள்கிறது என்று அன்று இரவு மட்டும் நாயைச் சாளைக் குடிசைக்குள் கட்டிக் கதவைச் சாத்தினோம். ஒரு மணி வாக்கில் அது முனகிக் கதவைப் பிறாண்டியது. நான் எழுந்து போய் "சும்மா இரு" என்று அதட்டினேன். சும்மா இருந்தது. விடிந்து பட்டிப் படலைத் திறந்தால் ஏழு ஆடுகள் கிடந்தன. தெருநாய்க் கூட்டம். குரல்வளையைக் கடித்துப் போட்டிருந்தது, தின்னவில்லை. ஒரு சினையாடு மட்டும் கிளுவை வேலியில் முகத்தைச் செருகி நின்றபடி செத்திருந்தது. கதவில் நாய் பிறாண்டிய தடம் இன்னும் இருக்கிறது. நான் அதற்குச் சாயம் பூசவில்லை.

வெள்ளக்கோவில், காங்கேயம், சென்னிமலை, தாராபுரம் என்று எங்கள் பக்கம் எத்தனை பட்டிகளில் இது நடந்திருக்கிறது, எத்தனை முறை செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆடு மட்டுமா? 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் சிவகிரி அருகே வயதான தம்பதியைக் கொன்றார்கள். தனித் தோட்டத்தில் இருக்கிறவனுக்கு நாயின் தொண்டைதான் காவல்.

அதற்காக நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் குரைப்பது, எதற்கு விடுவது என்று நாங்களும் பழக்குகிறோம். பண்ணையத்துக்குப் புது ஆள் வந்தால் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) அவரை வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நிறுத்துவார். நாய் பார்க்க வேண்டும், ஆனால் குரைக்கத் தோன்றாத தூரம். அங்கேயே ஒரு பீடி பிடிக்கும் நேரம் நிற்கச் சொல்வார். மறுநாள் பத்தடி கிட்டே. குரைத்துவிட்டால் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புவார். நாய் தானாகத் தலையைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அந்த ஆள் கையால் ஒரு கவளம் சோறு. ஆள் நிற்பார். நாய் அடங்கும். பிறகு சோறு. உங்கள் வீட்டில் ஆள் நின்றாரா?

நொய்யல்கரை, மாலை 5.15

ஆடுகளுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்துவிட்டது ஐயா.

ஆனால் உங்கள் அப்புச்சி செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். அவர் சோறு கொடுத்தார், நான் ஈரல் கொடுத்தேன். அமைதிக்குக் கூலி. அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை.

கிளுவைவேலி, மாலை 5.17

ஒன்றல்ல. அங்கே ஆள் நின்றார்.

பேரூர்வாசி (பேரூர்), மாலை 6.02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக் கேட் கம்பிக் கேட். கீழ்க் கம்பியில் நாய் கால் வைத்துக் குரைத்துக் குரைத்து அந்த இடத்தில் மட்டும் சாயம் போய் இரும்பு தெரியும். கேட்டுக்கு உள்பக்கம் தகரம் அடித்துத் தெருவை மறைத்தோம், காலையில் அரை மணி நேரம் மோப்பம் பிடித்துக்கொண்டே நடக்க விட்டோம். பாதி குறைந்துவிட்டது. தீனி எதுவும் கொடுக்கவில்லை.

கிளுவைவேலி, மாலை 6.06

நல்லது. ஆனால் தகரம் அடித்தால் பால்காரர் நின்றாரா என்பதே தெரியாது.

நொய்யல்கரை, இரவு 8.30

சரி. நாளைக் காலை கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிறேன். அப்போதாவது நம்புவீர்களா?

கிளுவைவேலி, இரவு 8.34

பால்காரர் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். அவரும் நாயும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

நொய்யல்கரை, இரவு 8.41

அவருக்கு இன்னும் முப்பது வீடு இருக்கிறது. ஐந்து நிமிடம் எப்படி நிற்பார்?

கிளுவைவேலி, இரவு 8.42

அப்படியென்றால் பத்து நாளும் நின்றதில்லை. போய்விட்டார். இதைத்தான் காலையிலிருந்து கேட்கிறேன்.

நொய்யல்கரை, இரவு 8.50

போய்விட்டார் என்று நான் சொல்லவே இல்லை. கிளம்பிக்கொண்டிருந்தார்.

அமராவதியான், இரவு 9.15

சிப்பிப்பாறைப்பித்தன் காலையிலிருந்து பதிலே சொல்லவில்லை. தகப்பன் நாயின் படம் ஒன்றாவது போடுங்கள்.

மஞ்சள்மண்டி, இரவு 11.20

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிற்க எனக்கு விருப்பமில்லை. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அந்த நாயை நானே நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று கேட்கலாமா? கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? காலையில் கேட்டதற்கு இங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை. மாடியில் இப்போது ஆரம்பித்துவிட்டது. அம்மா புரண்டு படுக்கிறார்.

கிளுவைவேலி, இரவு 11.31

தாராளமாகக் கேளுங்கள் அம்மணி. எப்படிக் கேட்பது என்று காலையில் விரிவாக எழுதுகிறேன்.

நொய்யல்கரை, தூங்கிவிட்டீர்களா? வண்டி கேட்டைத் தாண்டிவிட்டதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.