மறு: அல்கலினிட்டி – காரத்தன்மையா, கார இருப்பா?

அன்புள்ள ஐயா, மற்ற நண்பர்களே, வணக்கம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பதற்கான நம் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதில் அல்கலினிட்டி (alkalinity) பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> அல்கலினிட்டிக்குக் காரத்தன்மை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

கிணற்று நீருக்கும் ஆற்று நீருக்கும் அது போதும் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பவளத் தொட்டிக்குப் போதாது. காரத்தன்மை என்றதும் வேதியியல் படித்தவருக்கு பி.எச். நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு மிளகாய். நாம் சொல்லவந்த பொருளோ இரண்டுமே இல்லை.

பி.எச். என்பது தண்ணீரின் இந்த நேரத்து அமில-கார நிலை. அல்கலினிட்டி என்பது அமிலம் வந்து சேரச் சேர அந்தத் தண்ணீர் எவ்வளவு வரைக்கும் ஈடுகொடுக்கும் என்பதன் கணக்கு. ஒன்று இறங்கும்போது மற்றது அசையாமல் இருக்கலாம். நான் இருக்கும் மொரீஷியஸில் இதை விளக்க ஒரு புயல் போதும். மூன்றாம் எச்சரிக்கை வந்ததும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, அண்டை வீட்டுப் பாட்டி உட்பட அத்தனை பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்போம். எல்லோரும் விடும் மூச்சில் கரியமில வாயு அறைக்குள் ஏறும், தொட்டி நீரிலும் கரையும். 8.2 காட்டிக்கொண்டிருந்த பி.எச். 7.9க்கு வந்துவிடும். அதே நீரை எடுத்து கே.எச். சோதித்தால், அதாவது அல்கலினிட்டியை அளந்தால், நேற்றிருந்த 8 டிகிரி (இது வெப்ப அளவல்ல, கே.எச்.சின் அலகு) அப்படியே இருக்கும். புயல் கடந்து ஜன்னலைத் திறந்தால் பி.எச். தானாக ஏறிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்டுகிறவர் 'காரத்தன்மை குறைந்தால் சோடா சேர்க்கவும்' என்று படித்தால் என்ன செய்வார்? ஆப்பச் சோடாவை அள்ளிப் போடுவார். அது பி.எச்.சை ஏற்றப் போவதில்லை, கே.எச்.சைத்தான் 13, 14 என்று கொண்டுபோகும். அப்புறம் கால்சியம் நீரில் நிற்காது. பம்பின் சுழலியில் வெள்ளைச் சொறியாகப் படியும், பவளங்களின் நுனி வெளுத்து எரியும். சொல் தடுமாறினால் தொட்டியில் உயிர் போகும் இடம் இது. அதனால்தான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

> அப்படியானால் சோதனை டப்பாவில் அச்சிட்டிருக்கும் 'கார்பனேட் கடினத்தன்மை'யையே வைத்துக்கொள்ளலாமே?

கே.எச். என்பதே ஜெர்மன் மொழியில் அந்தப் பொருள் தருவதன் சுருக்கம்தான். நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கடல்நீரின் உண்மையான கடினத்தன்மை, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தால், 350 ஜெர்மன் டிகிரிக்கு மேல். நாம் அளப்பதோ 7, 8. 'கடினத்தன்மை 8' என்று எழுதினால் கடல்நீர் மென்னீர் ஆகிவிடும்! டிகிரி என்ற அலகு இருக்கட்டும், பெயர் வேண்டாம்.

இனி என் முன்மொழிவு: கார இருப்பு. கடைக்காரர் 'இருப்பு இருக்கிறதா' என்று கேட்கிறாரே, அந்த இருப்பு. எங்கள் ஊரில் பிரெஞ்சுவழி மீன் வளர்ப்பவர்கள் 'ரெசெர்வ் அல்கலீன்', அதாவது காரக் கையிருப்பு, என்பார்கள். காதில் அது விழுந்துகொண்டே இருந்ததால்தான் எனக்கு இந்தச் சொல் தோன்றியது என்பதை மறைக்கவில்லை. பொருத்தம் எங்கே என்றால், சோதனை முறையிலேயே இருக்கிறது. சின்னக் குழாயில் 5 மில்லி நீர் எடுத்து, சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முதல் சொட்டில் நீலம். குலுக்கி அடுத்தது, மறுபடி குலுக்கி அடுத்தது. ஒரு சொட்டில் பச்சையாகித் தயங்கும், அதற்கடுத்த சொட்டில் மஞ்சள். எங்களுக்குக் கிடைக்கும் பெட்டியில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. விடுகிற கரைசல் அமிலம். அதாவது இருப்பு முழுவதையும் செலவழித்துப் பார்த்துத்தான் எவ்வளவு இருந்தது என்று எண்ணுகிறோம்.

பவளமும் அந்த இருப்பைத்தான் செலவழிக்கிறது. எலும்புக்கூடு கட்ட அதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தே வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் போனால் கார இருப்பில் ஏறக்குறைய 2.8 டிகிரி போகும். இந்த விகிதம் கையேட்டில் கட்டாயம் வரவேண்டும். கால்சியம் 420லிருந்து 400 ஆவது சோதனைப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. கார இருப்பு 9லிருந்து 6.2 ஆவது பளிச்சென்று தெரியும். தினமும் பார்க்கவேண்டியது எது என்று இதிலேயே விளங்கும். மக்னீசியம் 1,300 பக்கம் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். அது குறைந்தால் மட்டும், மற்ற இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் நீரில் நிற்காமல் படிந்துவிடும்.

> அமிலந்தாங்குதிறன் என்பதுதான் வரையறைக்கு நேரான சொல்.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, சொல்லும் அழகு. ஆனால் பாட்டில் ஒட்டுச்சீட்டில் அடங்காது. மேலும் 'தாங்கல் கரைசல்' என்ற பெயர், பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் பஃபருக்குப் போய்விட்டது, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். இங்கே அவர்கள் தமிழை மொழிப்பாடமாகத்தான் படிக்கிறார்கள். வேதியியல் ஆங்கிலத்தில், வீட்டில் கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சில். தமிழ்ச்சொல் நீளமாக இருந்தால் கே.எச். என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். வரையறையை விளக்கும் வரியில் உங்கள் சொல் வரட்டும், தலைச்சொல்லாக வேண்டாம்.

காரம் என்ற சொல்லுக்கு இலங்கையில் பொருள் வேறாயிற்றே என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுப்பிய கேள்விக்கும் பதில்: தமிழ்நாட்டில் காரம் (base) என்பது இலங்கையில் 'மூலம்', இலங்கையில் காரம் (alkali, நீரில் கரைவது) என்பதோ தமிழ்நாட்டில் 'எரிகாரம்'. கார இருப்பில் இந்தச் சிக்கல் தலைதூக்காது. எப்படிப் படித்தாலும் அமிலத்துக்கு எதிரானதன் இருப்பு என்றே பொருள்படும்.

ஒரு வேண்டுகோள். புணர்த்தி எழுதாதீர்கள். 'காரவிருப்பு' என்று ஆக்கினால் ஊறுகாய் பிடித்தவர் என்று ஆகிவிடும். சுருக்குகிறேன் என்று 'காரிருப்பு' ஆக்கினால் வண்டி விற்கும் கடை. இடைவெளி விட்டு, கார இருப்பு.

தொட்டியில் கால்சியமும் கார இருப்பும் ஏற்ற விடும் கால்க்வாசருக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் என்று முன்பே முடிவாகிவிட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்தத் தீவில் பவளத்தை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, கரும்புச் சாறு தெளியவைக்கவும் வீடு கட்டவும் பயன்படுத்திய காலம் உண்டு. பாழடைந்த சூளைகள் இன்னும் கடலோரத்தில் நிற்கின்றன. இப்போது அதே சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கே ஊட்டுகிறோம்! பதிவில் ஓர் எச்சரிக்கை மட்டும் சேருங்கள்: தெளிந்த நீரின் பி.எச். 12க்கு மேல் இருக்கும், அதனால் இரவில், சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். மேலே ஏடு படிந்தால் அதைக் கலக்கிவிடக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு உதவாது.

கரைசலை அளந்து தொட்டியில் விடும் டோசிங் பம்புக்கு யாரோ சொன்ன 'அளவூட்டி' நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் கால்சியம் ரியாக்டர்தான். உள்ளே பவளத்துண்டுகளைப் போட்டு, கரியமில வாயு செலுத்தி, கரைந்து வருவதைத் தொட்டிக்கு விடும் குழல் அது. 'வினைகலன்' என்றால் ஆலை வாசனை அடிக்கிறது. 'கரைகலன்' எப்படி?