துண்டைத் தொங்கவிட்டோம், தினமும் எடுத்துப் போனார்கள்

போன டிசம்பரில் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். நான் மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, அவர்களை ஒரு கடலோர ஓட்டலில்கூடத் தங்க வைத்ததில்லையே என்று கிழக்குக் கரையில் மூன்று இரவுக்கு அறை எடுத்தேன். ஓட்டல் பெயர் வேண்டாம். சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று அவர்கள் தளத்தில் பெரிதாகப் போட்டிருந்ததால்தான், விலை கூடுதலாக இருந்தாலும் சரி என்று கொடுத்தேன்.

குளியலறையில் ஓர் அட்டை. துண்டைக் கம்பியில் தொங்கவிட்டால் துவைக்க எடுக்க மாட்டோம், தண்ணீர் மிச்சமாகும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். 2019-இல் சென்னை ஏரிகள் வற்றிக் கிடந்தபோது என் அக்கா வீட்டில் இருந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர் அவர். மூன்று துண்டையும் உதறி மடிப்பு எடுத்துத் தொங்கவிட்டார். மத்தியானம் வந்து பார்த்தால் மூன்றுமே புதுசு. மறுநாளும் அதே கதை. சுத்தம் செய்ய வந்த அக்காவிடம் கேட்டேன். அவரும் தமிழ்க் குடும்பம்தான், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், பேச்சு மட்டும் இந்த ஊர் மொழியான கிரியோல். தினமும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லித்தான் உத்தரவு என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்?

சுற்றுச்சூழலைக் காப்பதாக வேஷம் போட்டு ஏமாற்றுவதைச் சொல்லும் 'கிரீன்வாஷிங்' என்ற சொல்லே இப்படித் துண்டைப் பற்றிய ஓர் அட்டையில் பிறந்ததுதான். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ஃபிஜியில் ஓர் ஓட்டலில் பார்த்ததை வைத்து 1986-இல் எழுதினார். நாற்பது வருஷமாக அதே அட்டை!

அதைவிட என்னை உறுத்தியது உணவுக்கூடத்தில் இருந்த பலகை. கடலுக்காக பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டுவிட்டார்களாம். இங்கே 2021 ஜனவரியிலிருந்து அது சட்டப்படி தடை, தெருமுனையில் ஆலூடா என்ற பால் பானம் விற்பவரும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கொடுக்கக் கூடாது. சட்டத்துக்குக் கட்டுப்படுவதைத் தியாகம் மாதிரி எழுதி வைத்து அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. மேலாளரிடம் போய், நீடித்த சுற்றுலாவுக்கென்று நாட்டில் எம்.எஸ். 165 தரநிலை இருக்கிறதே, அந்தச் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். வாங்கப் போகிறோம் என்றார்.

2020-இல் இங்கே வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது மாஹேபூர் ஊர்க் கடற்கரையில் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து எண்ணெயைத் தடுக்க மிதவை செய்தவர்கள் சாதாரண ஜனங்கள், அந்தக் கறுப்பு கையை விட்டுப் போக நாள்கணக்கில் தேய்த்தார்கள். அந்தக் கடலின் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பலகை.

கடைசி நாள் காலையில் அம்மா துண்டைத் தொங்கவிடவில்லை. தரையிலேயே போட்டுவிட்டு வந்தார். எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

அப்புறம் ஒரு முடிவு செய்தேன். இப்போதெல்லாம் பணம் கட்டும் முன்பே, கரண்ட் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று எழுதிக் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மாஹேபூரில் ஒரு சின்ன விடுதிக்காரர் மட்டும், சூரிய ஒளி வெந்நீருக்கு மட்டும்தான், ஏ.சி. ஓடுவது சி.இ.பி. என்ற அரசு மின்வாரியத்தின் கரண்டில்தான், அதில் பெரும்பகுதி நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வருவது, குப்பையில் மக்குவதைத் தோட்டத்தில் புதைக்கிறோம், மீதி மார் ஷிகோஸ் குப்பைக் கிடங்குக்குப் போகிறது என்று அப்படியே எழுதி அனுப்பினார். அம்மா அப்பா அடுத்த தைப்பூசத்துக்கு வரும்போது அங்கேதான், அறை சொல்லியாகிவிட்டது.