கவுண்டர் கணினியை எக்ஸ்டென்ஷனுக்குத் திறந்துவிடலாமா?

ஜெலுத்தோங் குமார்:
பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக் வேலை. பதிவுப் பக்கம் குரோமில் ஓடுகிறது, மைகார்டு (மலேசிய அடையாள அட்டை, ஐசி) ரீடர் கவுண்டரில் இருக்கிறது. கார்டைச் செருகினால் பெயரும் ஐசி எண்ணும் பக்கத்தில் தானாக நிரம்ப வேண்டும். வலைப்பக்கம் யுஎஸ்பி கருவிகளோடு பேசும் வழியான வெப்யுஎஸ்பி ஸ்மார்ட்கார்டு ரீடர்களைத் தொட விடாது. அதனால் எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்க்கும் சின்ன நிரல்), அது கணினியில் உள்ள ஹோஸ்ட் என்ற நிரலோடு பேசும் நேட்டிவ் மெசேஜிங்கும் போட நினைக்கிறேன். கிளினிக்கின் ஐடிக்காரர் ஆபத்து என்கிறார். அப்படியா?

செந்தூல் சிவா:
அவர் சொல்வதுதான் சரி தம்பி. ஹோஸ்ட் நிரல் பிரவுசரின் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலிக்கு வெளியே, விண்டோஸில் நுழைந்திருக்கும் பயனரின் முழு உரிமையோடு ஓடும். இந்த மாதிரித் தொல்லை வேண்டாம் என்றுதானே 2015இல் குரோம் 45 என்பிஏபிஐ என்ற பழைய வகைப் பிளகின்களையே தூக்கியது? பேசாமல் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினியில், ஒரு சின்ன சர்வர் போடுங்கள். எல்லாப் பிரவுசரிலும் ஓடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேமா:
லோக்கல்ஹோஸ்டா! பிரவுசர் தடுக்காவிட்டால், அந்த சர்வர் காத்திருக்கும் போர்ட்டை எந்த வலைப்பக்கமும் வந்து தட்டலாமே. ஸூம் மேக்கில் அப்படி ஒரு சர்வரை வைத்துவிட்டு 2019இல் மாட்டியது. செயலியை நீக்கினாலும் சர்வர் போகவில்லை, கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை எடுத்தது. நேட்டிவ் மெசேஜிங்கில் போர்ட்டே கிடையாது. குரோமே ஹோஸ்டைத் தொடங்கி, அதன் உள்ளீடு, வெளியீடு வழியாகப் பேசும். எந்த எக்ஸ்டென்ஷன் பேசலாம் என்று ஹோஸ்டின் மேனிஃபெஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் ஐடியை எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் உள்ளே விட முடியாது.

செந்தூல் சிவா:
சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தை மறந்துவிட்டீர்களா? 2024 டிசம்பரில் திருடர்கள் ஃபிஷிங்கில் (போலி மின்னஞ்சலில்) அவர்கள் ஆளைப் பிடித்து, அவர்கள் எக்ஸ்டென்ஷனின் கெட்ட பதிப்பைக் குரோம் ஸ்டோரிலேயே ஏற்றினார்கள். அதே எக்ஸ்டென்ஷன், அதே ஐடி. உங்கள் பட்டியல் என்ன செய்திருக்கும்?

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேமா:
ஒன்றும் செய்திருக்காது. அதனால்தான் ஹோஸ்ட் எழுதுகிறவர் தன் எக்ஸ்டென்ஷனையே நம்பக்கூடாது என்கிறேன். ஹோஸ்டுக்கு ஒரே கட்டளை போதும்: கார்டைப் படி. கோப்புப் பாதை, நிரல் பெயர் எதுவும் ஜேசன் வடிவில் வரும் செய்தியில் இருக்கக்கூடாது. வந்ததை அப்படியே கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குத் தள்ளிவிடும் ஹோஸ்டுகளைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைக் கலக்கும். பிறகு, பக்கம் சொல்வதைக் கன்டென்ட் ஸ்கிரிப்ட் (எக்ஸ்டென்ஷனில் பக்கத்துக்குள் ஓடும் பகுதி) கண்ணை மூடிக்கொண்டு கடத்தக்கூடாது. செய்தி கிளினிக் முகவரியிலிருந்து வந்ததா என்று எக்ஸ்டென்ஷன் பார்க்க வேண்டும்.

செந்தூல் சிவா:
ஒரே கட்டளைதான், சரி. ஆனால் திருடு போன எக்ஸ்டென்ஷன் அந்த ஒரே கட்டளையை நாள் முழுக்கக் கொடுக்கும், செருகும் கார்டையெல்லாம் அள்ளும். கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும், 2025 ஜூன் முதல் அதுதான் சட்டம். கையெழுத்துப் போடப்போவது டாக்டரா, குமாரா?

ஏர் ஈத்தாம் பழனி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள் லா. கார்டைப் படித்ததும் ஹோஸ்ட் தன் சொந்தச் சன்னலில் பெயரைக் காட்டட்டும், 'அனுப்பு' என்று கவுண்டர்ப் பெண் அழுத்தினால்தான் தகவல் போகட்டும். அந்தப் பட்டனை எக்ஸ்டென்ஷனால் அழுத்த முடியாது. பயனர் அளவில் நிறுவிய ஹோஸ்டுகளைக் குரோம் பாலிசியில் (நிர்வாக அமைப்பில்) முடக்கிவிட்டால், அட்மின் நிறுவியது மட்டும் ஓடும்.

செந்தூல் சிவா:
திங்கட்கிழமை காலை வரிசை வாசல்வரை நிற்கும். அந்தப் பெண் பார்த்தா அழுத்தப்போகிறாள்?

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேமா:
பார்க்காமல் அழுத்தினாலும் ஓர் அழுத்தலுக்கு ஒரு கார்டுதான். உங்கள் சர்வரில் அதுகூட இல்லையே.

ஜெலுத்தோங் குமார்:
பட்டன் வைக்கிறேன். படமும் முகவரியும் ஹோஸ்டைத் தாண்டாது, பெயரும் ஐசியும் மட்டும். ஆனால் சி++இல் எழுதிய ஹோஸ்ட் விண்டோஸில் சில சமயம் மட்டும் அறுந்துவிடுகிறது அக்கா.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேமா:
வெளியீட்டைப் பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும் பைனரி மோடுக்கு மாற்றினீர்களா? ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் 4 பைட்டில் போக வேண்டும். அந்த 4இல் ஒன்று 10 ஆக வந்தால், டெக்ஸ்ட் மோடில் விண்டோஸ் அதைப் புதுவரி என்று நினைத்து முன்னால் ஒரு 13 சேர்த்துவிடும். குரோம் நீளத்தைத் தப்பாகப் படித்து இணைப்பை வெட்டும். சோதனைக்கு வைத்த பிரிண்ட் வரிகளையும் எடுத்துவிடுங்கள், அவையும் அதே வெளியீட்டில் கலந்துவிடும்.

ஜெலுத்தோங் குமார்:
மாற்றவில்லை, பார்க்கிறேன். ரீடரோடு வந்த லைப்ரரி 32 பிட். ஹோஸ்டும் 32 பிட்டாகவே இருக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரேமா:
தாராளமாக. அது தனி ப்ராசஸ்தானே, குரோம் 64 பிட்டாக இருந்தாலும் பேசும்.