கோபால்ற்–குரோமியத் தகடு வைத்த பொய்ப்பல்: யாழ்ப்பாணத்தில் யார் செய்கிறார்கள்?

உறவுகளே, அம்மாவின் மேல்தாடைப் பொய்ப்பல் நடுவில் பிளந்தது. ஒட்டிக் கொடுத்தார்கள், அதே இடத்தில் மறுபடியும் வெடித்துவிட்டது. ஒட்டப் பயன்படுத்தும், அறை வெப்பத்திலேயே இறுகும் அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்ரிக்), பொய்ப்பல் செய்யும்போது சூட்டில் இறுக்கிய அக்ரிலிக்கின் வலிமைக்கு வராது. நைலோனில் செய்யும் பொய்ப்பல்லும் வேண்டாம். தாடையெலும்பு கரைந்து பொய்ப்பல் தளரும்போது அதன் உட்புறத்துக்குப் புதிய படை ஏற்றுவது கடினம்.

அண்ணத்தை மூடும் தகட்டை மட்டும் கோபால்ற்–குரோமியக் கலப்புலோகத்தில் வார்த்து, பற்களையும் முரசுப் பகுதியையும் அக்ரிலிக்கில் அமைக்கலாம். உலோகம் மெல்லியது, சூட்டையும் கடத்தும். தேநீரின் இளஞ்சூடு அண்ணத்தில் தெரியும். அம்மாவுக்கு அது பெரிய விடயம்.

இதை யாழ்ப்பாணத்திலேயே வார்க்கிறார்களா, கொழும்புக்கு அனுப்புகிறார்களா? போலி நகை அணிந்தாலே அம்மாவுக்குத் தோல் தடிக்கும்; அதிலுள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லைப் போலும். ஆகவே நிக்கல் கலவாத உலோகம் கட்டாயம். செய்வித்தவர்கள் செலவையும் சொல்லுங்கள். அம்மா கஞ்சியோடுதான் இருக்கிறார்.